வண்டிக்கு முதுகு காட்டாதே

எங்கள் பந்தயத்தில் ஒரு பெரிய குறை உண்டு. தும்மி முடிப்பதற்குள் அது முடிந்துவிடும்.

இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கும். நடுவிலுள்ள கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒன்றன் கீழ் ஒன்றாக எரிந்து, கடைசியில் பச்சை விழும். இரண்டும் நேர்கோட்டில் பாய்ந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கேலரியில் இருப்பவர் கீழே விழுந்த குடையைக் குனிந்து எடுத்தால், நிமிர்ந்த பிறகு யார் ஜெயித்தது என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டியதுதான்.

"சினிமாக்காரன் மூணு மணி நேரம் உட்கார வைக்கிறான். நம்மகிட்ட இருக்கிறது ஒரு மூச்சு. ஒரு ஜோடி போயி அடுத்த ஜோடி வர்ற வரைக்கும் ஜனங்களுக்கு என்னத்தைக் காட்டுறது?" என்பார் சித்தப்பா.

அவர்தான் பந்தயங்களை நடத்துகிறவர். மைக்கும் அவர் கையில்தான். விமானங்கள் வராமல் போன பழைய ஓடுபாதையைக் குத்தகைக்கு எடுத்து, இரும்புக் கேலரி போட்டு, வாரக் கடைசியில் பந்தயம் வைப்பார். சித்தி டிக்கெட் கொடுப்பாள். அண்ணன் கார் ஓட்டுவான். அண்ணனின் காரைப் பார்த்துக்கொள்வது நட்டு என்ற மெக்கானிக். அவருடைய சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் தண்ணீர் ஊற்றுவேன், பாதையைப் பெருக்குவேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். அண்ணன் என்னைப் பூனை என்று கூப்பிடுவான். "பூனைகூட எப்பவாவது கத்தும்" என்பாள் சித்தி.

கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கேலரி காலியாகக் கிடந்தால் இடத்தைக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. சித்தப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். குழந்தைகளை இலவசமாக விட்டார். அவர்கள் மட்டும் வந்தார்கள். யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று அறிவித்தார். தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் லாரியோடு வந்து, பாதி வழியில் டேங்கின் மூடி திறந்துகொண்டு, பாதை முழுவதையும் கழுவிவிட்டுப் போனார். "நல்லதுதான், பூனைக்கு ஒரு வேலை மிச்சம்" என்றான் அண்ணன்.

அதற்குப் பிறகுதான் சித்தப்பாவின் கண் என்மேல் விழுந்தது.

பந்தயத்துக்கு முன்னால் டயர்களைச் சூடாக்க வேண்டும். நான் ஊற்றிவைத்த தண்ணீரில் பின்சக்கரங்களை நனைத்து, நின்ற இடத்திலேயே வெறிபிடித்தாற்போலச் சுழற்றுவார்கள். வெள்ளைப் புகை எழும்பும். அப்படிச் சுழற்றியபடியே கார் கோட்டைத் தாண்டி முன்னால் போய்விடும். பிறகு தான் போட்ட கறுப்புத் தடத்தின் மேலேயே பின்னால் வந்து கோட்டில் நிற்க வேண்டும். தலைக்கவசமும் இறுக்கிய பட்டையுமாக இருக்கும் ஓட்டுநரால் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒருவர் காருக்கு முன்னால் நின்று கையசைத்து, இடம் வலம் சொல்லிப் பின்னால் அனுப்புவார். அண்ணனுக்கு அதை நட்டு செய்துகொண்டிருந்தார், எண்ணெய்ச் சட்டையோடு.

"இந்த மூஞ்சியைப் பார்க்கவா ஜனங்க வருவாங்க?" என்றார் சித்தப்பா.

"ஏன் முதலாளி, எங்க வீட்டுல பார்க்கிறாங்களே" என்றார் நட்டு.

"அவங்க டிக்கெட் வாங்கிட்டா பார்க்கிறாங்க? நம்ம பூனை நிக்கட்டும். சின்னப் பொண்ணு, ஒத்தையா, அவ்வளவு பெரிய வண்டிக்கு முன்னாடி. பார்க்கிறவனுக்குப் பகீர்னு இருக்கணும்."

முடியாது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லவும் குரல் வேண்டுமே.

எங்கள் வீட்டு முற்றத்தில் அண்ணன் ஒரு தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கிவிட்டான். இரண்டு உள்ளங்கையாலும் தள்ளுவதுபோல் காட்டினால் பின்னால் வா. வலது கை உயர்ந்தால் அந்தப் பக்கம். தலைக்கு மேல் இரண்டு கையையும் பெருக்கல் குறிபோல வைத்தால் எஞ்சினை அணை. அதற்குக் கேள்வி கிடையாது. பாதையில் யார் அந்தக் குறியைக் காட்டினாலும், எதற்கென்று தெரியாவிட்டாலும், ஓட்டுநர் உடனே அணைத்துவிட வேண்டும்.

"இன்னொண்ணு. என்ன நடந்தாலும் வண்டிக்கு முதுகு காட்டாதே. நீ என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் நான் வண்டியை நகர்த்துவேன். நீ திரும்பிட்டா எனக்குக் கண்ணு போன மாதிரி. புரியுதா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் திறந்து சொல்லு."

"புரியுது."

"அட, பேசுது!" என்று தள்ளுவண்டியை என்மேல் இடிப்பதுபோல் தள்ளி, கடைசி நொடியில் பிடித்துக்கொண்டான். நான் நகரவில்லை. அவன் பிடித்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும்.

முதல் சில வாரங்கள் மஞ்சள் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றேன். கேலரியின் பக்கம் பார்க்கவே மாட்டேன். காரின் முகப்பையும் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனின் தலைக்கவசத்தையும் மட்டும் பார்ப்பேன். எஞ்சினின் அதிர்வு தரை வழியாக ஏறி முழங்காலில் நடுங்கும். அது பயமா, எஞ்சினா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டம் கொஞ்சம் கூடியது, பெரிதாக இல்லை.

அப்புறம் ஒரு நாள் கியர் ஏமாற்றியது. பின்னால் போக வேண்டிய கார் முன்னால் துள்ளியது. ஒரே துள்ளல். என் கைகள் தாமாகவே தலைக்கு மேல் போய்ப் பெருக்கல் குறி போட்டன. அண்ணன் அணைத்துவிட்டான். கார் நின்றபோது முகப்புத் தகடு என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை, சுட்டது.

கேலரி முழுவதும் எழுந்து நின்றது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் அங்கே கேட்டதில்லை.

யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றியது. அடுத்த பந்தயத்துக்கு டிக்கெட் ஜன்னலில் வரிசை தெருவரைக்கும் போனது. சித்தி கையெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் ஜோடி ஓடியது, இரண்டாவது ஜோடி ஓடியது, யாரும் கைதட்டவில்லை. நான் மஞ்சள் கோட்டோடு உள்ளே வந்ததும் கேலரி அமைதியாகிவிட்டது. அவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கார் ஒழுங்காகப் பின்னால் போனது. "ச்சே" என்று ஒரு குரல் கேட்டது.

அந்த "ச்சே" சித்தப்பாவின் காதிலும் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை நட்டுவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணுமில்லைடா, ஒரு சின்னத் துள்ளல். உன் கால்லதானே பிரேக் இருக்கு? அவ கையைத் தூக்குவா, நீ நிறுத்துவ. சர்க்கஸ்ல பண்றதில்லையா?"

"சர்க்கஸ்ல வலை கட்டுவாங்க சித்தப்பா."

"நம்மகிட்ட நட்டு இருக்காரு."

"நான் வலையா முதலாளி?" என்றார் நட்டு. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபிறகு மறுப்பது கஷ்டம். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படித்தான் அது தொடங்கியது. கார் துள்ளும், நான் பெருக்கல் குறி போடுவேன், அது நிற்கும். கேலரி கத்தும். நான் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு காரை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பழைய கோட்டை அழிக்கிற வேலையும் எனக்குத்தான், பெருக்குகிறவள் நான்தானே.

பிறகு கூட்டத்துக்கு அதுவும் பழகிவிட்டது. நான் கையைத் தூக்கியதும் அண்ணன் நிறுத்திவிடுவதால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றார் சித்தப்பா. "அவ கையைத் தூக்கினதுக்கு அப்புறம் ரெண்டு தடவை உறுமு. அடங்காத மாதிரி. அவ திரும்பத் திரும்பத் தூக்கட்டும். அப்புறம் நிறுத்து."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணனின் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணா, கையைத் தூக்கினா நிறுத்தணும்."

"நிறுத்துறேன்ல?"

"உறுமிட்டு நிறுத்துற."

"அது சும்மாடீ. நியூட்ரல்ல போட்டுத்தான் உறுமுறேன். வண்டி நகராது."

"நிஜமாவே நிறுத்தச் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும், "நிஜமா எதுக்குச் சொல்லப்போற?" என்றான். நான் கேட்டது அவனுக்கும் உறைத்திருந்தது. ஆனால் கேலரி நிரம்பி வழிந்தது. கிடங்குப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. சித்தி சிரித்த முகமாக இருந்தாள்.

அந்த வாரங்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றால் வருகிற பஸ்ஸைக் கண்டு பின்னால் போய் ஒட்டிக்கொள்வேன். ஒருமுறை சமையலறையில் மிக்ஸி ஓடிய சத்தத்துக்குத் தலைக்கு மேல் கையைத் தூக்கியிருக்கிறேன். அம்மா மிக்ஸியை அணைத்துவிட்டு, "என்னடி?" என்றாள். அவளாவது அணைத்தாளே என்றிருந்தது.

அந்த நாள் மற்ற நாளைப்போலத்தான் தொடங்கியது. வெயில் சாய்ந்திருந்தது. கேலரியின் இரும்புப் படிகளில் இடமில்லாமல் ஜனங்கள் வேலியில் ஏறி நின்றார்கள். நான் தண்ணீர் ஊற்றினேன். அண்ணன் டயரைச் சுழற்றினான். புகை என்னைத் தாண்டிப் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டில் போய் நின்றேன். கார் துள்ளியது, எஞ்சின் ஓடியபடியே நின்றது. கேலரி கத்தியது.

அப்போதுதான் பார்த்தேன். முகப்புக்கு அடியில், எஞ்சினின் இடது பக்கத்திலிருந்து மெல்லிய கோடாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர் நான் ஊற்றியது பின்சக்கரத்துக்கு. காற்று என் பக்கம் திரும்பியபோது வாடை வந்தது. பெட்ரோல். ஒரு சொட்டு புகைக்குழாயின் மேல் விழுந்து உஸ்ஸென்று ஆவியாகிப் போனது. இன்னொரு சொட்டு. அந்தக் குழாய் எவ்வளவு சூடாகும் என்று எனக்குத் தெரியும். கையில் தழும்பே இருக்கிறது.

கையைத் தூக்கிப் பெருக்கல் குறி போட்டேன்.

அண்ணன் உறுமினான்.

கேலரி சிரித்தது. ஒலிபெருக்கியில் சித்தப்பாவின் குரல், "பாருங்க, பாருங்க! அடங்குதா பாருங்க!"

கைகளை இறக்கித் திரும்பத் தூக்கினேன். நிறுத்து. அண்ணா, நிறுத்து. அவன் உறுமினான். ஒவ்வொரு உறுமலுக்கும் ஒழுகல் கனத்தது. நான் நன்றாக நடிக்கிறேன் என்று அவன் நினைத்திருப்பான். தலைக்கவசத்துக்குள் சிரித்துக்கூட இருப்பான். ஒழுகுகிற இடத்தைக் காட்டினேன். கூட்டமும் அதே இடத்தைக் காட்டி ஆரவாரம் செய்தது. கத்தினேன். என் வாய் திறந்திருந்தது, அதுவரை தெரியும். குரல் வந்ததா, எஞ்சின் விழுங்கிவிட்டதா என்று தெரியாது. பட்டையால் இறுக்கிக் கட்டி உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பட்டைகளை அவிழ்க்க நட்டுவின் உதவி வேண்டும். தீப்பிடித்தால் அவன் வெளியே வருவதற்குள்...

என்னிடம் இருந்த ஒரே சைகையை நாங்களே விளையாட்டாக்கித் தொலைத்திருந்தோம். அவன் நம்பும்படி வேறு எதைச் செய்வது? இதுவரை காட்டாதது ஒன்று வேண்டும். நடிப்பில் இல்லாத ஒன்று. சித்தப்பா சொல்லித்தராத ஒன்று.

நான் திரும்பினேன்.

காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எதிரே வேலியில் தொங்கிய கூட்டம், அதற்கு மேல் கேலரி. அவ்வளவு முகங்களையும் அன்றுதான் நேருக்கு நேராகப் பார்த்தேன். திறந்த வாய்கள், தூக்கிப் பிடித்த போன்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கண்களைக் கையால் மூடியிருந்தாள். ஆனால் அவள் கண்கள் திறந்திருந்தன. முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இருந்தது. அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியாது. அது இன்னொரு தடவை துள்ளினால் நான் பார்க்கப் போவதில்லை. கழுத்தின் பின்புறம் சூடு ஏறியது. காரின் சூடா, என் ரத்தமா? ஓட வேண்டும் என்று கால்கள் சொல்லின. ஓடினால் அதுவும் விளையாட்டாகிவிடும். திரும்பிய இடத்திலேயே, கைகளைத் தொங்கவிட்டு நின்றேன். ஒருமுறை உறுமியது. முழங்காலின் பின்பக்கம் காற்று பட்டது.

எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் முதலில் கேட்டது நட்டுவின் செருப்புச் சத்தம். தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வெள்ளை நுரை காரின் மூக்கை மூடியது. அண்ணனை இழுத்து வெளியே போட்டார்கள். அவன் தரையில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, என்னை வாடீ என்றுகூடக் கூப்பிடாமல், என் மஞ்சள் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"திரும்பிட்டியே. நீ திரும்பினதும் எனக்கு உசுரே போச்சு."

"ஒழுகிச்சு."

"கையைத் தூக்கினியே, அதுக்காகவா?"

"ஆமா."

அவன் முகம் வெளுத்தது. எத்தனை தடவை உறுமினான் என்று அவனே எண்ணிப் பார்த்திருப்பான்.

நட்டு காருக்கு அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை இழுத்துக் காட்டினார். "வாராவாரம் துள்ளித் துள்ளி, தகட்டுல உரசியே தேஞ்சிருக்கு தம்பி."

கேலரியில் கைதட்டல் ஓயவில்லை. நுரையும் காட்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். சித்தப்பா மைக்கை வைத்துவிட்டு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். என் தலையைத் தடவினார். அது நடிப்பு இல்லை. பிறகு கொஞ்ச நேரம் கேலரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாயை மாத்திட்டா சரியாயிடும்ல நட்டு?"

"குழாய் சரியாயிடும்."

"இல்ல... அவ திரும்பி நின்னாளே. அப்போ ஊசி விழுந்தா கேட்டிருக்கும். அதை மட்டும்... குழாயெல்லாம் பார்த்து, பத்திரமா..."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். இந்த முறை நான் தரையைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தேன். என் மனதில் ஓடியது ஒன்றுதான். முதுகும் விளையாட்டாகிவிட்டால், பிறகு எதைக் காட்டுவது?

ஜனங்கள் கலைந்த பிறகு, வெளிச்சம் போவதற்குள், அண்ணனும் நட்டுவும் காருக்கு அடியில் படுத்திருந்தார்கள். குழாய் மாற்ற இவ்வளவு நேரமா என்று சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"சித்தப்பா, ரிவர்ஸ் கியர் போயிடுச்சு" என்றான் அண்ணன், அடியிலிருந்தே.

"எப்படிடா போச்சு?"

"போயிடுச்சு."

"லீவர் கம்பியாத்தான் இருக்கும். மாட்டுங்க நட்டு."

"கம்பியைக் காணோம் முதலாளி" என்றார் நட்டு. வெளியே வந்து கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடுவதுபோல் செய்தார். அந்தப் பெட்டியில் ஒரு ஸ்பேனரைத் தவிர எதுவும் இல்லை.

ரிவர்ஸ் இல்லாத கார் கோட்டைத் தாண்டி டயர் சுழற்றக் கூடாது என்பது பந்தய விதி. இருக்கிற இடத்திலேயே கொஞ்சமாகச் சூடாக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முன்னால் யாரும் நிற்க வேண்டியதில்லை. சித்தப்பாவுக்கு அது தெரியும். காருக்கு அடியில் கிடந்த அண்ணனையும் பக்கத்தில் நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வேற கம்பி கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்து போகும்போது அண்ணன் என் கையில் எதையோ திணித்தான். வளைந்த, விரல் நீளக் கம்பி. எண்ணெய் பிசுபிசுத்தது. இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த பந்தயத்துக்கு நான் டிக்கெட் ஜன்னலுக்குள் சித்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் கோட்டு இல்லாததால் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. வரிசை அன்றும் நீளமாகத்தான் இருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் குனிந்து கேட்டாள்.

"இன்னிக்கு அந்தப் பொண்ணு நிக்குமா?"

சித்தி என்னைப் பார்த்தாள்.

"நிக்காது" என்றேன். குரல் வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அடடா." பர்ஸை மூடப்போனவள், ஏதோ தோன்றித் திரும்பக் குனிந்தாள். "வேற யாராவது நிப்பாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பாதையில் எஞ்சின்கள் எழுந்தன. ஜன்னல் பலகை அதிர்ந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். மேசைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல், என் இரண்டு கைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருக்கல் குறிபோல விழுந்து கிடந்தன.